வளரிளம் பருவத்து இறைநம்பிக்கை: பெற்றோர் அதிகம் கேட்கும் கேள்விகள்

பத்து வயதுக்கும் பத்தொன்பது வயதுக்கும் இடையில் ஒரு பிள்ளைக்கு அமையும் நம்பிக்கை அவரது பிற்கால வாழ்க்கையில் என்ன செய்கிறது, அவரே அப்பா அம்மா ஆகும்போது எப்படித் தலைகாட்டுகிறது என்பது பற்றிய கேள்விகள் இவை. எந்த மதத்துக்கும் ஆள் சேர்ப்பதோ, மதத்திலிருந்து யாரையும் பிரிப்பதோ எங்கள் வேலை இல்லை. இந்தத் துறையில் பல ஆண்டுகள் தொடர்ந்து நடந்த பெரிய ஆய்வுகள் அமெரிக்காவில்தான் அதிகம். அவை நம் வீட்டுக்குப் பொருந்தாத இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறோம்.

சின்ன வயதிலேயே சாமி கும்பிடப் பழக்கிவிட்டோம். அது போதாதா?

பழக்கம் வேறு, நம்பிக்கை வேறு. ஆறு வயதில் சாமி என்பவர் படத்தில் இருப்பவர். அம்மா கும்பிடச் சொன்னால் கும்பிட்டாயிற்று. பன்னிரண்டு பதின்மூன்று வயதில் கண்ணால் பார்க்க முடியாதவற்றைப் பற்றி யோசிக்கும் திறன் வளர்கிறது. ‘சாமி எல்லாருக்கும் பொதுன்னா அந்தத் தெருக்காரங்க ஏன் தேர் இழுக்க வர்றதில்ல?’, ‘தாத்தா நல்லவர்தானே, அவருக்கு ஏன் புற்றுநோய்?’ என்ற கேள்விகள் அந்த வயதில்தான் கிளம்பும்.

உளவியலாளர் ஜேம்ஸ் மார்சியா 1966-இல் வகுத்த ஒரு பகுப்பு இங்கே உதவும். ‘நான் யார்’ என்ற கேள்வியில் இளைஞர்கள் நான்கு நிலைகளில் இருப்பார்கள்: தேடாமலே ஏற்றுக்கொண்டவர்கள், தேடிக்கொண்டிருப்பவர்கள், தேடி ஒரு முடிவுக்கு வந்தவர்கள், தேடவும் செய்யாமல் ஏற்கவும் செய்யாமல் இருப்பவர்கள். முதல் வகைப் பிள்ளையைப் பார்த்துத்தான் ஊரே மெச்சும். ஆனால் கேள்வியே கேட்காமல் ஏற்ற நம்பிக்கை, ஹாஸ்டலிலோ முதல் வேலையிலோ யாராவது முதல் கேள்வியைக் கேட்டதும் ஆட்டம் காண வாய்ப்பு உண்டு. இரண்டாம் வகைதான் வீட்டில் சண்டைக்குக் காரணம். அதைக் கடக்காமல் மூன்றாம் நிலைக்கு வர வழியில்லை.

பதின்ம வயதில் பக்தியாக இருக்கும் பிள்ளைகள் பிற்காலத்தில் நன்றாக இருப்பார்கள் என்று ஆய்வு சொல்கிறதாமே?

சொல்கிறது, ஆனால் அளவோடு. அதிகம் பகிரப்படுவது ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளியின் யிங் சென், டைலர் வாண்டர்வீல் இருவரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை 8 முதல் 14 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்தார்கள். வாரம் ஒருமுறையாவது வழிபாட்டுக்குப் போய் வளர்ந்தவர்கள், போகவே போகாதவர்களைவிட, இருபதுகளில் மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொல்ல 18% அதிக வாய்ப்பு இருந்தது. தன்னார்வத் தொண்டில் இறங்க 29% அதிகம். போதைப்பொருள் பக்கம் போக 33% குறைவு. தினமும் பிரார்த்தனையோ தியானமோ செய்தவர்களிடமும் இதே போக்கு தெரிந்தது.

இதை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் விட்டுவிடும் பகுதி இது: அந்தப் பிள்ளைகள் எல்லாரும் செவிலியர்களின் பிள்ளைகள், பெரும்பாலும் வெள்ளையர். குடும்ப வருமானம், தாயின் உடல்நலம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்துத்தான் முடிவு சொன்னார்கள் என்றாலும், எல்லாக் காரணங்களையும் எந்த ஆய்வாலும் பிரித்துவிட முடியாது. 18% என்பது கூட்டத்தின் சராசரி. உங்கள் பிள்ளைக்கான ஜாதகம் கிடையாது.

நன்மை எப்படி வருகிறது என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். வாராவாரம் ஒரே இடத்துக்குப் போகும் பிள்ளையைப் பெற்றோர் அல்லாத நாலைந்து பெரியவர்கள் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். இரண்டு வாரம் காணவில்லை என்றால் விசாரிக்கிறார்கள். வாரத்துக்கு ஓர் ஒழுங்கு வருகிறது. மது, போதை வேண்டாம் என்று சொல்லும் நண்பர் வட்டம் கிடைக்கிறது. துக்கம் வந்தால் சொல்ல ஒரு மொழி கையில் இருக்கிறது. இந்த நான்கும் இல்லாமல் வெறும் வருகைப் பதிவு மட்டும் இருந்தால் அதே பலனை எதிர்பார்க்க முடியாது.

இந்துக்களுக்கு வாராந்தர வழிபாடு என்று கட்டாயம் இல்லையே. எதைக் கணக்கில் எடுப்பது?

சர்ச், ஜும்ஆ மாதிரி வாரம் தவறாத கூட்டு வழிபாடு பெரும்பாலான இந்து வீடுகளில் இல்லை. நம்மிடம் அதற்கு இணையானவை மார்கழித் திருப்பாவை, திருவெம்பாவைக் குழு, உழவாரப் பணி, பிரதோஷம், தேவார வகுப்பு, வார வழிபாட்டு மன்றம் போன்றவை. பிள்ளை தன் வயதுக்காரர்களோடு கூடிப் பொறுப்பு எடுத்துச் செய்யும் எதுவும் கணக்கில் வரும். வருடம் ஒருமுறை காரில் போய் ஸ்பெஷல் தரிசன டிக்கெட்டில் கும்பிட்டு வருவது சுற்றுலாவுக்குப் பக்கத்தில் வரும்.

பையன் ‘இனிமேல் கோயிலுக்கு வரமாட்டேன்’ என்கிறான். இழுத்துக்கொண்டு போகலாமா?

வேண்டாம். அமெரிக்க இளையோரிடம் எடுத்த தரவைக் கொண்டு ஸ்டோக்ஸ், ரெக்னெரஸ் இருவரும் 2009-இல் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். பிள்ளையைவிடப் பெற்றோர் மதத்துக்கு அதிக முக்கியத்துவம் தரும் வீடுகளில், பெற்றோருடனான உறவு மோசம் என்று பிள்ளைகள் சொன்னார்கள். பிள்ளை அதிக பக்தியாகவும் பெற்றோர் குறைவாகவும் இருந்த வீடுகளில் அந்த அளவு சேதம் இல்லை. இழுத்துப்போனால் கோயிலும் கிடைக்காது, உறவும் கெடும்.

எதை மறுக்கிறான் என்று முதலில் பிரித்துப் பாருங்கள். ‘வரமாட்டேன்’ என்பதற்குள் குறைந்தது ஐந்து வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கும்: ஞாயிறு காலைத் தூக்கம், சொந்தக்காரர்களின் ‘எத்தனை மார்க்’ விசாரணை, வேட்டி கட்டக் கூச்சம், அங்கே இருக்கும் ஒருவர் மீது பயம், உண்மையான நம்பிக்கைச் சந்தேகம். முதல் மூன்றும் நேரத்தையும் சட்டையையும் மாற்றினால் தீரும். நான்காவது அவசரம்; அதைக் கீழே தனியாகச் சொல்கிறோம். ஐந்தாவதுக்குப் பேச்சுதான் வழி.

அந்தப் பேச்சை எப்படி நடத்துவது? மதப்பற்று மிகுந்த யூத, கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பங்களிடம் டாலஹைட், தாட்சர் இருவரும் செய்த 2008 ஆய்வில், பெற்றோர் உபதேசம் செய்த உரையாடல்களைவிடப் பிள்ளை அதிகம் பேசி, பெற்றோர் கேட்டுப் புரிந்துகொண்ட உரையாடல்களே இரு தரப்புக்கும் நல்ல அனுபவமாக இருந்தன. நடைமுறையில் இப்படி:

நேருக்கு நேர் உட்கார வைக்காதீர்கள். பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகும்போதும், வெங்காயம் உரிக்கும்போதும் பிள்ளைகள் அதிகம் பேசுவார்கள். ‘உனக்கு இதில் எது சரியாகப் படவில்லை?’ என்று ஒரே கேள்வி கேட்டுவிட்டு நிறுத்துங்கள். பதிலில் தப்பு இருந்தாலும் அன்றைக்குத் திருத்த வேண்டாம். உங்களுக்கும் பதில் தெரியாத கேள்வி என்றால் ‘எனக்கும் தெரியாது’ என்று சொல்லிவிடுங்கள். பதினைந்து நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள். ‘உன் வயசுல நான்’ என்று தொடங்கும் வாக்கியம் உங்கள் வாய்வரை வந்தால் விழுங்கிவிடுவது உத்தமம்.

பிறகு ஓர் உடன்பாடு. வருடத்தில் குடும்பமாகச் செய்யும் இரண்டு மூன்று காரியங்களை (குலதெய்வம் கும்பிடுவது, கிறிஸ்துமஸ் ஆராதனை, பெருநாள் தொழுகை மாதிரி) குடும்பக் கடமையாக வைத்துக்கொண்டு, மற்றவற்றை அவன் விருப்பத்துக்கு விடுங்கள். பதினாறு வயதுக்கு மேல் இதைவிடக் கறாராக இருந்து ஜெயித்த வீடு அரிது.

சட்டம் ஏதாவது சொல்கிறதா?

அரசமைப்புச் சட்டத்தின் 28(3) பிரிவின்படி, அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் கல்வி நிறுவனத்தில் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ மாணவர் கலந்துகொள்ள, அவர் மைனர் என்றால், பாதுகாவலரின் சம்மதம் வேண்டும். இந்தியா 1992-இல் ஏற்ற ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 14-ஆம் பிரிவு, குழந்தையின் மனசாட்சி, மதச் சுதந்திரத்தை ஒப்புக்கொள்கிறது. வழிகாட்டும் உரிமையைப் பெற்றோருக்குத் தந்து, பிள்ளையின் வளரும் பக்குவத்துக்கு ஏற்ப அதைச் செய்யச் சொல்கிறது.

அம்மாவைப் பார்த்துப் பிள்ளை கற்கிறதா, அப்பாவைப் பார்த்தா?

இருவரையும்தான். ஆனால் அப்பாவின் பங்கைக் குறைத்து மதிப்பிடுகிறோம். தென் கலிஃபோர்னியாவில் வெர்ன் பெங்ட்சன் 1970-இல் தொடங்கிய ஆய்வு, 350-க்கும் அதிகமான குடும்பங்களை நான்கு தலைமுறை அளவில் முப்பத்தைந்து ஆண்டுகள் தொடர்ந்தது. நம்பிக்கை அடுத்த தலைமுறைக்குப் போனதில் முக்கியமானது பெற்றோர் பிள்ளை நெருக்கம். அதிலும் பல மரபுகளில் தகப்பனுடனான நெருக்கம். பக்தியில் ஊறியிருந்தும் விறைப்பாக எட்ட நின்ற அப்பாக்களின் பிள்ளைகள் அதே வழியில் தொடர்ந்தது குறைவு. தாத்தா பாட்டியின் செல்வாக்கும் நினைத்ததைவிடப் பெரிது.

நம் வீடுகளில் தினசரி விளக்கேற்றுவது அம்மா. திருவிழாவில் முன்னால் நிற்பது அப்பா. பிள்ளை கண்ணுக்குத் தெரியும் அப்பாவின் மதம் என்பது பரிவட்டமும் நன்கொடை ரசீதும்தான். அவர் தனியாக, யாரும் பார்க்காதபோது என்ன நம்புகிறார் என்பது பிள்ளைக்குத் தெரிவதே இல்லை. வாரத்தில் ஒருநாள் அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து கோயில்வரை நடந்து போய் வருவது, அப்பா நடத்தும் எந்த உபயத்தையும்விட அதிகம் சொல்லிக் கொடுக்கும்.

‘தப்புச் செய்தால் சாமி கண்ணைக் குத்தும்’ என்று சொல்லி வளர்ப்பதில் என்ன கெடுதல்?

நாலு வயதில் அது விளையாட்டு. பதினாலு வயதில் உடம்பு மாறி, ஆசைகள் வரும்போது அதே வாக்கியம் வேறு வேலை செய்யும். யாரும் பார்க்காத இடத்திலும் தன்னைப் பார்த்துத் தண்டிக்கக் காத்திருக்கும் ஒருவர் என்ற எண்ணம் மனத்தில் உட்கார்ந்துவிடும்.

உளவியலாளர் கென்னத் பார்கமென்ட் துன்பக் காலத்தில் மதத்தைப் பயன்படுத்தும் விதத்தை இரண்டாகப் பிரித்தார். ‘கடவுள் கூட இருக்கிறார், அவரோடு சேர்ந்து சமாளிப்பேன்’ என்பது ஒன்று. ‘என்னைத் தண்டிக்கிறார், கைவிட்டுவிட்டார்’ என்பது மற்றொன்று. இரண்டாவது மனநிலை மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் சேர்ந்து வருவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. முப்பது வயதில் கருச்சிதைவோ கடன் தொல்லையோ வரும்போது, பதினாலு வயதில் பதிந்த எந்தச் சாமி முன்னால் வருகிறார் என்பதே விஷயம். ‘நான் செஞ்ச பாவம் என் குழந்தையைத் தாக்குது’ என்று நினைக்கும் தாய், ஊனமுள்ள குழந்தையைச் சிகிச்சைக்குக் கூட்டிப்போவதற்குள் பரிகாரத்தில் இரண்டு வருடம் கழிக்கிறார்.

மிரட்டாமல் சொல்ல வழி உண்டு. தப்பின் விளைவை மனிதர்கள் பக்கம் வையுங்கள்: ‘நீ பொய் சொன்னதால அவன் அடி வாங்கினான்.’ சாமியை ஒழுங்கு காக்கும் போலீஸ் வேலையிலிருந்து விடுவித்துவிடுங்கள்.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்கு வேண்டுதல் வைப்பது சரியா?

தேர்வுக்கு முன் கடலூர் அருகே திருவந்திபுரம் ஹயக்ரீவர் சன்னதியில் பேனாவையும் ஹால் டிக்கெட்டையும் வைத்துக் கும்பிடும் பிள்ளைகளிடம் கேட்டால், அது மனத்துக்குத் தெம்பு என்பார்கள். தெம்புவரை சரி. சிக்கல், வேண்டுதல் ஒப்பந்தமாகும்போது. ‘450 எடுத்தா மொட்டை போடறேன்’ என்று அம்மா பிள்ளை முன்னாலேயே சொல்கிறார். 410 வருகிறது. இப்போது பிள்ளைக்கு மூன்று தோல்வி: மார்க், அம்மா, சாமி.

கவனிக்க வேண்டியவை சில. வேண்டுதலை மார்க்கில் சொல்லாதீர்கள். ‘பதறாம எழுதணும், படிச்சது ஞாபகம் வரணும்’ என்பது போதும். நேர்த்திக்கடனைப் பிள்ளை தலையில் வைக்காதீர்கள். முடிவு எதுவானாலும் செய்யும் காரியமாக அதை மாற்றிக்கொள்ளுங்கள். ரிசல்ட் சரியில்லை என்றால் ‘நீ ஒழுங்கா கும்பிடல’ என்று ஒருவரும் சொல்லக் கூடாது, பாட்டி உட்பட. ‘சாமி என்னைக் கைவிட்டுட்டார்’, ‘நான் இருந்து என்ன’ என்ற மாதிரிப் பேச்சு பிள்ளை வாயில் வந்தால் அன்றிரவு தனியாக விடாதீர்கள். 104 மருத்துவ உதவி எண்ணுக்கோ, டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-க்கோ அழையுங்கள். இரண்டும் இலவசம், தமிழில் பேசலாம்.

பெண் வயதுக்கு வந்ததும் ‘மூன்று நாள் பூஜை அறைப் பக்கம் வராதே’ என்கிறோம். இது அவள் நம்பிக்கையைப் பாதிக்குமா?

பாதிக்கும். நம் வீடுகளில் யாரும் உட்கார்ந்து பேசாத கேள்வி இது. நம்பிக்கை சொந்தமாகப் பிடிபடத் தொடங்கும் அதே பன்னிரண்டு பதின்மூன்று வயதில், போன மாதம்வரை பூ தொடுத்து விளக்குத் துடைத்த பிள்ளையிடம் ‘தள்ளி நில்’ என்கிறோம். காரணம் சொல்வதில்லை. தம்பி கேட்டால் பெரியவர்கள் சிரிக்கிறார்கள். அவள் எடுத்துக்கொள்ளும் செய்தி, ‘என் உடம்பு சாமிக்குப் பிடிக்காது’ என்பது. இருபது வருடம் கழித்துத் தன் மகளிடம் அவளே அதே குரலில் பேசுவாள். இல்லையென்றால் பூஜை அறையையே வெறுப்பாள்.

இந்த விலக்கு எல்லா இடத்திலும் ஒன்று போல இல்லை என்பதை அவளுக்குச் சொல்லலாம். மேல்மருவத்தூர் ஆதிபராசக்தி சித்தர் பீடத்தில் மாதவிடாய் நாட்களிலும் பெண்கள் வழிபடுகிறார்கள். இஸ்லாத்தில் அந்த நாட்களில் தொழுகையும் நோன்பும் இல்லை. விட்ட நோன்பைப் பிறகு வைக்க வேண்டும், விட்ட தொழுகையைத் திரும்பத் தொழ வேண்டியதில்லை. கிறிஸ்தவச் சபைகள் பெரும்பாலானவற்றில் தடையே கிடையாது.

வழக்கத்தை விட முடியாத வீடு என்றால், இந்த அளவாவது செய்யுங்கள்: விருந்தினர் முன், ஆண்பிள்ளைகள் முன் அறிவிக்காதீர்கள். பாடுவதற்கும் படிப்பதற்கும் மனத்துக்குள் சொல்வதற்கும் தடை போடாதீர்கள். தனித் தட்டு, தனிப் பாய் வேண்டாம். திருவிழாவுக்காக மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரையை மருந்துக் கடையில் கேட்டு வாங்கித் தராதீர்கள். அது நோரெதிஸ்டெரோன் என்ற ஹார்மோன் மருந்து; மருத்துவர் பார்க்காமல் பதின்ம வயதுப் பெண்ணுக்குத் தரக் கூடாது.

பையன் கையில் புதிதாகக் கயிறு கட்டி வந்திருக்கிறான். பக்திதானே?

கயிற்றைப் பாருங்கள். கோயில் கயிறு என்றால் எந்தக் கோயில், எந்த நாள், யார் கட்டியது என்று உடனே சொல்வான். ஒரே நிறக் கயிறோ இரட்டை நிறக் கயிறோ அவன் நண்பர் கூட்டத்தில் எல்லார் கையிலும் இருந்து, கேட்டால் ‘சும்மா’ என்றால், அது சாதி அடையாளமாக இருக்கலாம். தென் மாவட்டங்களில் இதைப் பள்ளி ஆசிரியர்கள் நன்றாக அறிவார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவனையும் அவன் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைந்த நீதியரசர் சந்துரு ஒருநபர் குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில், மாணவர்கள் வண்ணக் கயிறு கட்டிவருவதைத் தடுக்கப் பரிந்துரைத்தது.

கொடை விழாவில் முதல் மரியாதைத் தகராறு நடக்கும் ஊர்களில், பதினைந்து வயதுப் பையன் சாமியையும் சாதியையும் ஒரே நாளில், ஒரே ஆட்களிடம் கற்கிறான். விழாவில் அவனுக்கு வேலை கொடுங்கள்: அன்னதானப் பந்தி, தண்ணீர்ப் பந்தல், செருப்புக் காவல். கொடி பிடிக்கும் கூட்டத்தில் நிற்க வைக்காதீர்கள்.

நாங்கள் சாமி கும்பிடாத குடும்பம். மகன் சபரிமலைக்கு மாலை போட வேண்டும் என்கிறான்.

போடட்டும். நம்பிக்கையின்மையும் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போகும் ஒரு மரபுதான். பெங்ட்சன் ஆய்விலேயே மதம் சாராக் குடும்பங்களும் தங்கள் நோக்கைப் பிள்ளைகளுக்குக் கடத்தியது தெரிந்தது. அதனால் பக்திக் குடும்பத்துக்குச் சொன்ன விதியே பகுத்தறிவுக் குடும்பத்துக்கும்: கிண்டல் செய்தால் பிள்ளை வாய் மூடிக்கொள்ளும்.

மண்டல விரதம் 41 நாள். விடியற்காலைக் குளியல், அசைவம் இல்லை, பாயில் படுக்கை, இரண்டு வேளை சரணம், எல்லாரையும் ‘சாமி’ என்று அழைப்பது. நண்பர்களோடு சேர்ந்து ஒரு கட்டுப்பாட்டைத் தானே தேர்ந்து முடிக்கும் அனுபவம் அந்த வயதில் சிறியதில்லை. தூக்கம் ஏழெட்டு மணிநேரத்துக்குக் குறையக் கூடாது, பள்ளி வருகை விடக் கூடாது, நம்பகமான குருசாமியோடுதான் பயணம் என்று மூன்று நிபந்தனை மட்டும் வையுங்கள். பெரியார் படத்தின் கீழே அவன் சரணம் சொல்வது கொஞ்ச நாளைக்கு வினோதமாகத்தான் இருக்கும்.

அப்பா ஒரு மதம், அம்மா ஒரு மதம். பிள்ளை குழம்பிப் போகுமா?

வேறுபாட்டைவிடச் சண்டைதான் கெடுக்கும். சிறு குழந்தைகளை வைத்து பார்ட்கவ்ஸ்கி குழுவினர் 2008-இல் செய்த ஆய்வில், மதத்தைப் பற்றி வாக்குவாதம் செய்யும் வீடுகளில் பிள்ளைகளின் நடத்தையிலும் மனநிலையிலும் பின்னடைவு தெரிந்தது. ஒருவர் நம்பிக்கையை மற்றவர் பிள்ளை முன் இளக்காரமாகப் பேசாதீர்கள். ஆச்சி வீட்டில் ஞானஸ்நானம், அப்பத்தா வீட்டில் காதுகுத்து என்று ரகசியமாக நடத்தி வைப்பது பதினைந்து வருடம் கழித்து வெடிக்கும்.

மகள் திடீரென்று தீவிர பக்தியாகிவிட்டாள். கவலைப்பட வேண்டுமா?

திடீர் பக்தி எல்லாம் நோயில்லை. ஸ்வீடன் உளவியலாளர் பெர் கிரான்க்விஸ்ட் செய்த ஆய்வுகளில் ஒரு வேறுபாடு தெரிகிறது. பெற்றோரோடு பாதுகாப்பான பிணைப்பில் வளர்ந்தவர்கள் அவர்கள் நம்பிக்கையை மெல்ல மெல்ல எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பிணைப்பு பலவீனமாக இருந்தவர்களிடம் திடீரென்ற, உணர்ச்சி பொங்கும் திருப்பங்கள் அதிகம். எனவே ‘யார் இவளை மாற்றியது’ என்று ஆள் தேடுவதற்கு முன், கடந்த ஆறு மாதத்தில் வீட்டில் என்ன நடந்தது என்று பாருங்கள்: மரணம், பிரிவு, காதல் முறிவு, பள்ளியில் ஒதுக்கப்பட்டது.

இரண்டு நிலைகளில் மருத்துவர் வேண்டும்.

ஒன்று, எண்ணச் சுழற்சி நோய் (ஓ.சி.டி.) பக்தி வேடத்தில் வருவது. ஒளுவை (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவதை) திரும்பத் திரும்பச் செய்வது, ஒரே பாவத்துக்குப் பலமுறை பாவசங்கீர்த்தனம் செய்வது, ஸ்லோகத்தில் ஒரு சொல் தப்பினால் முதலிலிருந்து தொடங்குவது, சாமி முன் நின்றதும் ஆபாச எண்ணம் வந்து துடிப்பது. நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இதில் போனாலோ, செய்து முடித்தபின் நிம்மதி வராமல் பயமே கூடினாலோ சந்தேகப்படுங்கள். வீட்டார் செய்யும் தவறு ‘ஒண்ணும் ஆகாதும்மா, சாமி மன்னிச்சுட்டார்’ என்று ஒவ்வொரு முறையும் சமாதானம் சொல்வது. அது அரைமணி நேரத் தெம்பு தந்து சுழற்சியை வலுவாக்கும். பயத்தை எதிர்கொண்டு சடங்கைத் தவிர்க்கப் பழக்கும் நடத்தைச் சிகிச்சையும், தேவைப்பட்டால் மருந்தும் நன்றாகப் பலனளிக்கின்றன. இதை வஸ்வாஸ் (மனத்தில் எழும் வீண் சந்தேகம்) என்று அறிந்த ஆலிம்களும், அதாவது இஸ்லாமிய மார்க்க அறிஞர்களும், அதைப் பொருட்படுத்தாமல் விடவே அறிவுறுத்துகிறார்கள். ஒரே குருவானவரின் சொல்லைக் கேட்டு நடக்கும்படி கத்தோலிக்க மரபு சொல்கிறது. மதமும் மருத்துவமும் ஒரே பக்கம் நிற்கும் இடம் இது.

இரண்டு, தனக்கு மட்டும் கேட்கும் குரல், நாள்கணக்கில் தூக்கமின்மை, தன்னைத் தெய்வமாக நினைப்பது, அதே மதத்துக்காரர்களுக்கே விசித்திரமாகப் படும் பேச்சு. பதின்ம வயதின் கடைசியில் மனச்சிதைவு நோய் தொடங்குவது உண்டு. மந்திரிப்பதில் மாதங்களைக் கழிக்காதீர்கள். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் இறந்தார்கள். துவாவோடு தவாவும், அதாவது வேண்டுதலோடு மருந்தும், என்று குஜராத்தின் மீரா தாதார் தர்காவில் நடத்திக் காட்டியிருக்கிறார்கள். திருநீறு பூசிக்கொண்டே மாத்திரையும் சாப்பிடலாம்.

விரதம், நோன்பு இருக்க எந்த வயது?

வயதைவிட இரும்புச் சத்துக் குறைவைப் பாருங்கள். தேசியக் குடும்பநல ஆய்வின் (2019-21) கணக்கில் இந்தியாவில் 15-19 வயதுப் பெண்களில் 59% பேருக்கு ரத்தசோகை. தண்ணீர் இல்லாத விரதம், அடுத்தடுத்த நாள் விரதம் வேண்டாம். இன்சுலின் போடும் பிள்ளை மருத்துவரிடம் கேட்காமல் நோன்பு வைக்கக் கூடாது. நோயாளிக்கு இஸ்லாமே விலக்குத் தந்திருக்கிறது. எடை குறைப்பதற்காக விரதம் என்று பேர் வைத்துச் சாப்பிடாமல் இருக்கும் பெண்பிள்ளைகளையும் கவனியுங்கள்.

முகாம், மறைக்கல்வி, மதரஸா, பாடசாலைக்கு அனுப்பும் முன் என்ன கேட்க வேண்டும்?

இரவில் யார் எங்கே படுப்பார்கள், பெண் பொறுப்பாளர் உண்டா, பிள்ளை எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்குப் பேச முடியுமா, ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மட்டும் மூடிய அறையில் இருப்பதைத் தடுக்கும் விதி உண்டா. ‘அதெல்லாம் நம்பிக்கைங்க’ என்ற பதில் வந்தால் அனுப்பாதீர்கள். பிள்ளை ஏதாவது சொன்னால் அவர் எவ்வளவு பெரிய மகான் என்றாலும் முதலில் பிள்ளையை நம்புங்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, தெரிந்தவர் எவரும் புகார் செய்தே ஆக வேண்டும், மறைத்தால் குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைக்கலாம். ‘கோயில் பேர் கெட்டுடும்’ என்று மூடி மறைத்த வீடுகளில், அந்தப் பிள்ளைக்குச் சாமியும் போகிறார், பெற்றோரும் போகிறார்கள்.

பதின்ம வயது நம்பிக்கை ஒருவர் பெற்றோர் ஆகும்போது எப்படித் திரும்பி வருகிறது?

பெரும்பாலும் முதல் மொட்டையில். இருபதுகளில் வழிபாடு குறைவதும், கல்யாணம் ஆகிக் குழந்தை பிறந்ததும் பலர் திரும்புவதும் அமெரிக்க ஆய்வுகளில் நன்கு பதிவான போக்கு. நம்மூரில் அதற்குத் தேதியே குறிக்கலாம். பத்து வருடம் சாமி ஞாபகமே இல்லாத தம்பதி, குழந்தைக்கு எந்தக் குலதெய்வக் கோயிலில் மொட்டை, யார் மடியில் காதுகுத்து, என்ன பெயர், ஞானஸ்நானம் எப்போது என்பதில் ராத்திரி பன்னிரண்டு மணிக்குச் சண்டை போடுவார்கள். இருவரும் தங்கள் பதினைந்து வயதிலிருந்துதான் பேசுகிறார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது.

கல்யாணத்துக்கு முன்போ, கர்ப்பக் காலத்திலோ ஒருமுறை இதைப் பேசி வைத்துக்கொள்வது நல்லது. ‘உன் வீட்டில் சாமி பேரைச் சொல்லி யார் உன்னைப் பயமுறுத்தினார்கள்? யார் ஆறுதல் சொன்னார்கள்? எதை நம் பிள்ளைக்குக் கட்டாயம் தர வேண்டும்? எதை நம்மோடு நிறுத்திவிட வேண்டும்?’ இந்த நான்கையும் தனித்தனியே எழுதி மாற்றிக்கொள்ளுங்கள். பேசும்போது வராதது எழுதும்போது வரும்.

பக்தியுள்ள பெற்றோர் கண்டிப்பானவர்களா, கனிவானவர்களா என்று கேட்டால், இரண்டும்தான். அமெரிக்கப் பழைமைவாத புராட்டஸ்டன்ட் பெற்றோர் பிள்ளையை அடிப்பதை மற்றவர்களைவிட அதிகம் ஆதரித்தார்கள். ஆனால் பிராட்ஃபோர்டு வில்காக்ஸின் 1998 ஆய்வில், பிள்ளையைப் பாராட்டுவதும் கட்டியணைப்பதும் அவர்களிடமே அதிகம் இருந்தது. பதின்ம வயதில் மதத்தோடு சேர்த்து எது கிடைத்ததோ, பிரம்போ அணைப்போ, அது மதத்தோடு சேர்ந்தே அடுத்த தலைமுறைக்குப் போக முனைகிறது.

சாமி பேரைச் சொல்லி என்னை அடித்து வளர்த்தார்கள். எனக்கு இப்போது நம்பிக்கை இல்லை. என் பத்து வயது மகள் ‘சாமி இருக்கா’ என்று கேட்டால் என்ன சொல்வது?

உள்ளதைச் சொல்லுங்கள், அளவாக. ‘பாட்டி நம்பறாங்க. எனக்கு நம்பிக்கை வரல. நீ பெரியவளாகி யோசிச்சுப் பாரு, எப்ப வேணா கேளு’ என்பது போதுமான பதில். நீங்கள் வாங்கிய அடிகளின் கதை பத்து வயதுக்குப் பாரம். பதினாறு வயதில் அவளே கேட்டால் சொல்லலாம். அவளைப் பாட்டியோடு கோயிலுக்குப் போகவிடுங்கள். அங்கே மிரட்டல் நடக்கிறதா என்று மட்டும் விசாரியுங்கள். நடந்தால் மகள் இல்லாத நேரத்தில் பாட்டியிடம் பேசுங்கள். கோயில் மணியோ ஊதுபத்தி வாசனையோ உங்களுக்கு இன்னும் நெஞ்சுப் படபடப்பைத் தருகிறது என்றால், அதற்கு உளவியல் ஆலோசகர் ஒருவரைத் தனியே பாருங்கள். மகளை வைத்து அந்தக் கணக்கைத் தீர்க்க வேண்டாம்.